நாலு ஜிபி போதும்

புதுக் கம்ப்யூட்டர் உங்கள் வீட்டில் வந்து இறங்கி, அட்டைப்பெட்டியிலிருந்து உதிர்ந்த தெர்மக்கோலைக்கூட இன்னும் பெருக்கி முடிக்காத நேரத்தில், நீங்கள் கூப்பிடாமலே ஒருவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவார். என்ன விலை என்று கேட்க மாட்டார். எந்தக் கடை என்று கேட்க மாட்டார். மானிட்டரை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கையில் கிடைத்த தெர்மக்கோல் துண்டின் மேல் ஒரு செவ்வகம் வரைந்து, அதைக் குறுக்கே நாலு கோடு கிழித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"பார்ட்டிஷன் போட்டாச்சா?"

இவர்தான் பார்ட்டிஷன்காரர். ஹைதராபாத்தில் இந்த இனம் நன்றாகச் செழித்து வளர்கிறது. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு பக்கம் மாடிக்கு ஒருவர். எங்கள் ஹப்சிகுடாவில் வீடுகள் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருப்பதால் தெருவுக்கு ஒருவர். இவர் சாஃப்ட்வேர்காரராக இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். சாஃப்ட்வேர்காரர்கள் வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள். பார்ட்டிஷன்காரர் பெரும்பாலும் மத்திய அரசு நிறுவனத்தில் டெபுடி மேனேஜராக இருப்பார், ஐம்பதைத் தாண்டியிருப்பார், அலுவலகத்தில் ஸ்டேஷனரி அலமாரியின் சாவி அவரிடம் இருக்கும்.

ஹார்ட் டிஸ்க் முழுவதும் ஒரே இடமாக விரிந்து கிடப்பதை இவரால் தாங்க முடியாது. சி, டி, ஈ, எஃப், ஜி என்று தடுப்புச் சுவர் எழுப்பினால்தான் ராத்திரி தூக்கம் வரும். இந்த ஐந்தில் சி என்பது கம்ப்யூட்டர் கண் விழிக்கிற இடம். விண்டோஸ் குடியிருப்பது அங்கேதான். நீங்கள் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அங்கிருந்துதான் பதில் வர வேண்டும். அப்படியானால் அதற்குத் தாராளமாக இடம் விடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இருப்பதிலேயே சின்னது அதுதான்.

"விண்டோஸ் என்னங்க, சும்மா ஓடிக்கிட்டு இருக்கப்போவுது. அதுக்கு எதுக்கு இடம்? நாலு ஜிபி போதும்."

மிச்சம் எழுபத்தாறு ஜிபியை மற்ற நாலுக்கும் வாரி வழங்குவார். அவற்றில் என்ன வைப்பது என்று நீங்கள் கேட்டால், "இருக்கட்டுமே, நாளைக்கு வேணும்" என்பார். அந்த நாளை எது என்று அவருக்கும் தெரியாது.

என் பெயர் திருநாவுக்கரசு. நாச்சாரத்தில் பம்புசெட் கம்பெனி ஒன்றில் கொள்முதல் பார்க்கிறேன். போல்ட்டும் நட்டும் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. ஆகவே எங்கள் தெருப் பார்ட்டிஷன்காரரான ஜகதீசன் சார், 2006 ஜனவரியில் என் கம்ப்யூட்டரைக் கூறு போட்டபோது நான் காபி கொடுத்து நன்றி சொன்னேன். மார்ச் மாதத்திலிருந்து திரையின் வலது மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பலூன் எழும்பி, சி-யில் இடம் இல்லை, இடம் இல்லை என்று முறையிட ஆரம்பித்தது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அது அப்படித்தான் சொல்லும், அரசு. கைக்கு டென்ஷன்? ஓரத்துல ஒரு பெருக்கல் குறி இருக்கு பாருங்க, அதை அமுக்கினா போயிடும்."

முப்பது வருடம் இந்த ஊரில் இருந்ததில் அவருடைய திருச்சித் தமிழுக்குள் 'எதற்கு' என்பதற்குக் கைக்கு, 'வேண்டாம்' என்பதற்கு நக்கோ, 'ஆமாம்' என்பதற்கு ஹவ் எல்லாம் தாமாக வந்து உட்கார்ந்துவிட்டன. நான் பலூனை அமுக்கினேன். போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது.

பார்ட்டிஷன்காரர் வீட்டுக் கம்ப்யூட்டரை நீங்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஜகதீசன் சாருடையதில் டி-க்கு 'ஆபீஸ்' என்று பெயர். உள்ளே மூன்று கடிதங்கள், அதில் இரண்டு ஒரே கடிதம். ஈ-க்கு 'போட்டோ'; ஒரே திருப்பதிப் பயணம், நூற்றிருபது படம், எல்லாவற்றிலும் அவருடைய முதுகு. எஃப் 'பாட்டு'. ஜி-க்கு 'பேக்கப்' என்று பெயர் வைத்துப் பூட்டிவிட்டார். உள்ளே எதுவும் கிடையாது. காலியாக இருந்தால்தானே பத்திரமாக இருக்கும்?

இந்த நாலு பெரிய அறைகளிலும் வீட்டிலுள்ள மற்றவர்கள் எதையும் வைக்கக் கூடாது. ஒழுங்கு கெட்டுவிடும். மற்றவர்கள் என்றால் இரண்டு பேர். ஒருவர் அவர் மனைவி வேதா. இன்னொருவர் இண்டர்மீடியட், அதாவது பிளஸ் டூ, படிக்கிற மகள் தேஜஸ்வினி, தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண்.

வேதா மேடம் தபால் வழியில் தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு வயதில். ஹைதராபாத்தில் வளரும் தமிழ்க் குழந்தைகள் வீட்டில் எப்படிப் பேசுகிறார்கள் என்பது அவருடைய ஆய்வேடு. ஒரு குழந்தை ஒரே வாக்கியத்தில் எத்தனை மொழிக்குத் தாவுகிறது என்று துண்டுச் சீட்டுகளில் குறித்துக்கொள்வார். முதல் முறை சமர்ப்பிக்க வேண்டிய வருடம் மகளின் பத்தாம் வகுப்பு, தள்ளிப்போனது. அடுத்த வருடம் ஜகதீசன் சாருக்குக் குடல்வால் அறுவை; தள்ளிப்போனது. இந்தத் தடவை விட்டால் மறுபடி பதிந்து, மறுபடி முதலிலிருந்து. கடைசி நாள் திங்கட்கிழமை.

"டி-ல ஒரு ஃபோல்டர் குடுங்களேன், இதை வெச்சுக்கறேன்" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"அது ஆபீஸ், வேதா. அதுல போய்க் குழந்தைங்க பேச்சை வெக்க முடியுமா? டெஸ்க்டாப்லயே வெச்சுக்கோ. கண்ணு முன்னாடி இருக்கும்."

வைத்துக்கொண்டார். கண் முன்னாடி இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை என் வீட்டுப் பலூனைப் பற்றி இன்னொரு முறை பேசலாம் என்று நான் போனபோது, ஜகதீசன் சார் தன் வீட்டுப் பலூனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். வேதா மேடம் அடுக்களை வாசலில் நின்று எனக்குக் காபி நீட்டினார். கடைசி அத்தியாயத்தில் இருபது பக்கம் நேற்றுத்தான் முடிந்தது என்றும், இன்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அச்செடுக்கக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வழக்கமாக அந்த வாசலிலிருந்து ஒரு கையும் ஒரு டம்ளரும் மட்டும்தான் வெளியே வரும்.

"சேவ் பண்ண மாட்டேங்குது, இடமில்லன்னு சொல்லுது, கொஞ்சம் பாருங்கன்னேன். பாக்கறார்" என்றார்.

பார்ட்டிஷன்காரர் இடம் பண்ணுகிற சடங்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? டி-யிலிருந்து சி-க்கு இடம் மாற்றிக் கொடுக்கலாம் என்பது அவர் மனதிலேயே தோன்றாது. போட்ட கோடு போட்டதுதான். சி-க்குள் இருப்பவர்கள்தான் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். முதலில் குப்பைத்தொட்டியைக் காலி செய்வார். அடுத்து, பின்னணியிலிருக்கும் பச்சைப் புல்வெளியை எடுப்பார். அதன் பிறகு சீட்டாட்டம், கண்ணிவெடி ஆட்டம். பிறகு எழுத்துருக்கள்: "நூத்தம்பது எழுத்து! ஒரு வீட்டுக்கு எத்தனை எழுத்து வேணும்?" போன மாதம் இப்படித் துப்புரவு செய்ததில் தமிழ் எழுத்துருவும் சேர்ந்து போய், வேதா மேடத்தின் ஐந்து அத்தியாயங்களும் ஆச்சரியக்குறிகளாகவும் கேள்விக்குறிகளாகவும் மாறி நின்றன. என் மனைவி ஸ்டெல்லா தன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சிடியில் எழுத்துருவைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் குழந்தைகள் மறுபடி பேசினார்கள்.

இன்றைக்கு இவை எதுவும் போதவில்லை. ஜகதீசன் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறைத்து வைத்திருக்கும் கோப்புகளையெல்லாம் காட்டு என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளையிட்டார். காட்டியது. மங்கலாக, வெட்கப்பட்டுக்கொண்டு வந்து நின்றன.

"பாத்தீங்களா அரசு, நமக்குத் தெரியாம எத்தனை பேர் உள்ள உக்காந்திருக்கான்! இந்த என்.டி.எல்.டி.ஆர். யாரு? நான் வெக்கல. நீங்க வெச்சீங்களா?"

"இல்லை சார்."

"வேதா, நீ வெச்சியா?"

"எனக்கு வெக்க எடம் எங்க இருக்கு?" என்றது அடுக்களை.

"நான்னா, அதி டெலீட் செய்யொத்து!" என்று தேஜஸ்வினி அறையிலிருந்து ஓடிவந்தாள். அப்பா, அதை அழிக்காதே என்று அர்த்தம். அர்த்தம் அவருக்கும் தெரியும். ஆனால் பார்ட்டிஷன்காரரின் விரல் டெலீட்டை நோக்கிக் கிளம்பிவிட்டால் எந்த மொழியாலும் நிறுத்த முடியாது. அழித்தார். கால் எம்பி இடம் கிடைத்தது. மகிழ்ச்சியோடு கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துத் திறந்தார்.

கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. என்.டி.எல்.டி.ஆர். காணவில்லை.

கம்ப்யூட்டர் விழித்தவுடன் முதலில் தேடுகிற ஆள் அவன்தானாம். பிறகு தெரிந்துகொண்டேன். அவனிடமிருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கும். கால் எம்பிதான் அவன் இருப்பிடம். ஜகதீசன் சார் அசரவில்லை. இந்த நிலையில் பார்ட்டிஷன்காரர் அசருவதே கிடையாது. சொல்லப்போனால் இதற்காகத்தான் அவர் இத்தனை நாளாகக் காத்திருக்கிறார்.

"ஹவ், இதுக்குத்தான் நான் பார்ட்டிஷன் பார்ட்டிஷன்னு அடிச்சுக்கறது. சி-யை மட்டும் அழிச்சு விண்டோஸைப் புதுசாப் போட்டா முடிஞ்சுது. டி, ஈ, எஃப், ஜி எல்லாம் ஒரு கீறல் இல்லாம பத்திரமா இருக்கும்."

கைக்குட்டையில் பொதிந்து வைத்திருந்த சிடியை எடுத்தார். உள்ளே தள்ளினார். அழிக்கட்டுமா என்று கேட்டது. அழி என்றார். நிச்சயமாகவா என்று கேட்டது. நம்மை யார் இப்படி இரண்டு தடவை கேட்கிறார்கள்? நிச்சயமாக என்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று சதவீதம் ஏறியது.

நாற்பத்தொன்று ஆனபோது வேதா மேடம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என் ஃபைல் பத்திரமா இருக்கும்ல?"

"டி, ஈ, எஃப், ஜி எல்லாம் பத்திரம்னு சொல்றேனே."

"என்னுது டெஸ்க்டாப்ல இருக்கு."

"டெஸ்க்டாப் சி-க்குள்ள இல்லம்மா" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பொய்யே இல்லை. "திறந்து பாத்திருக்கல்ல? மேல டெஸ்க்டாப். அதுக்குக் கீழ மை கம்ப்யூட்டர். அதுக்கும் கீழதான் சி. மேல இருக்கறது கீழ இருக்கறதுக்குள்ள எப்படி இருக்கும்? அப்பா போய்ப் பிள்ளைக்குள்ள உக்கார முடியுமா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உங்களுக்கும் பட்டிருக்கும், 2006-இல் எத்தனை வீட்டில் இதே நியாயத்தைப் பேசினார்கள்! டெஸ்க்டாப்பும் சி-க்குள்தான் என்று தெரிந்த தேஜஸ்வினி மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, நான் அறிந்து முதல் தடவையாக, தமிழில் சொன்னாள்: "அம்மா, போயிடுச்சும்மா."

வேதா மேடம் அழவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திரையில் சதவீதம் நூறு ஆகும் வரை நின்று பார்த்தார். அதற்குள் ஜகதீசன் சாரின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் ஒரு ஓரமாக ஒதுங்கியது.

"வேதா..."

"முதல் அஞ்சு அத்தியாயம் கைடு திருத்தின பிரிண்ட் இருக்கு. அது போதும். கடைசி இருபது பக்கம் திரும்ப அடிக்கணும். சீட்டெல்லாம் இருக்கு. திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு இதைக் குடுக்க நான் ஸ்டடி சென்டருக்கு பஸ் ஏறணும்."

"நான் அடிச்சுக் குடுக்கறேன்மா. நீ சொல்லச் சொல்ல..."

"உங்களுக்குத் தமிழ் டைப் தெரியாது."

தெரியாதுதான். அந்த வீட்டில் அது தெரிந்தவர் ஒருவர்தான். அந்த வீட்டில் சமைக்கத் தெரிந்தவரும் அதே ஒருவர்தான். ஒரு ஆள் இரண்டு இடத்தில் ஓட முடியாது என்பதை டெபுடி மேனேஜர் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆனது. மத்தியானம் விண்டோஸ் ஏறி முடிந்ததும் ஸ்டெல்லா எழுத்துரு சிடியோடு வந்து வேதா மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேதா மேடம் இருபத்திரண்டு அடி நீளக் கூடத்தின் நடுவில், ஃபேனுக்குக் கீழே, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜகதீசன் சார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தார்.

இங்கே அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருநூறு கஜம் மனையில், ஏழு வருடத்துக்கு முன்னால், கிராஃப் தாளில் தன் கையால் வரைந்து அவர் கட்டிய வீடு. வருகிறவர்கள் உட்காரப் பெரிய கூடம். வராத விருந்தாளிகளுக்கு ஒரு படுக்கையறை. வாங்காத காருக்கு ஒரு போர்ட்டிகோ. அடுக்களை என்று வந்தபோது மேஸ்திரிகூடத் தலையைச் சொறிந்தாராம். "நின்னு சமைக்கற இடம்தானே, ஆறுக்கு ஏழு போதும்" என்று பென்சிலால் கோடு போட்டது நம்மவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போனபோது அந்த ஆறுக்கு ஏழில் ஜகதீசன் சார் இருந்தார். அவரோடு கேஸ் அடுப்பு, சிலிண்டர், குளிர்சாதனப் பெட்டி, கிரைண்டர், அரிசி டிரம் எல்லாம் இருந்தன. டிரம்மிலிருந்து அரிசி எடுக்க வேண்டுமானால் சிலிண்டரை நகர்த்த வேண்டும். சிலிண்டரை நகர்த்த வேண்டுமானால் கிரைண்டரைத் தூக்கி வாசலில் வைக்க வேண்டும். கிரைண்டர் வாசலில் இருந்தால் குளிர்சாதனப் பெட்டி திறக்காது. அதற்குள்தான் தக்காளி இருக்கிறது. மகள் வெண்டைக்காயைக் கூடத்துத் தரையில் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தாள், இரண்டாவது ஆளுக்கு உள்ளே நிற்க இடமில்லை. குக்கர் விசிலடித்தது. இறக்கினார். இறக்கிய குக்கரை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க முயன்றார். சுற்றவும் இடமில்லை.

கடைசியில் குக்கரைத் தரையில் வைத்துவிட்டு, அதைத் தாண்டிக் குதித்து, கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்றார். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.

"வேதா, இங்க ஒண்ணை வெக்கணும்னா இன்னொண்ணை வெளிய எடுக்க வேண்டியிருக்கு. எப்படிம்மா இதுக்குள்ள ஏழு வருஷமா..."

வேதா மேடத்தின் விரல் நிற்கவில்லை. கண்ணும் திரையை விட்டு அகலவில்லை.

"போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

தேஜஸ்வினி வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். எதற்கு என்னைப் பார்த்தாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வேதா மேடம் பஸ் ஏறினார். ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. கடைசி அத்தியாயம் இருபது பக்கம் இல்லை, இருபத்து மூன்று பக்கம். இரண்டாவது தடவை எழுதியதில் இன்னும் நன்றாக வந்தது என்று அவரே சொன்னார். நான் அதை நம்பவில்லை. போனது போனதுதான், அதை அவர் நம் நிம்மதிக்காகச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஜகதீசன் சார் என் வீட்டுக்கு வந்து, கம்பெனியில் புழங்குகிற எஃகு அளவு டேப் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கம்ப்யூட்டரில் இப்போது சி-க்கு நாற்பது ஜிபி கொடுத்துவிட்டாராம். டேப் எதற்கு என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். விருந்தாளி அறைக்கும் அடுக்களைக்கும் நடுவிலிருந்த சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அறையில் ஏழு வருடமாக ஒரு கட்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தையோடு படுத்திருக்கிறது.

"ஜி-யைக் காலி பண்ணாம சி-யைப் பெரிசாக்க முடியாது, அரசு" என்றார், யாரிடமோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

நன்றாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு ஒரு மேஜை உண்டு; ஐந்தடிக்கு மூன்றடி, தேக்கு; அதன் மேல் ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளை விரித்து வைத்துப் படிப்பேன், மற்ற ஆறு நாளும் செய்தித்தாள் அங்கேயே விரிந்து கிடக்கும். ஸ்டெல்லா பள்ளி விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்கிறீர்களா? வாஷிங் மெஷின் மூடியின் மேல். நின்றுகொண்டு. மெஷின் துணி சுற்ற ஆரம்பிக்கும்போது சிவப்புப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். நின்றதும் விட்ட இடத்திலிருந்து மதிப்பெண் போடுவாள். நாலு வருடமாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவளும் மஞ்சள் பலூன் ஏதும் விட்டதில்லை. விட்டிருந்தாலும் நான் பெருக்கல் குறியை அமுக்கியிருப்பேன்.

நீங்கள் இதையெல்லாம் எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள்? சௌகரியமாகத்தானே இருக்கிறது? நல்லது. உங்கள் வீட்டை ஓட்டுகிறவர் இந்த நிமிடம் எங்கே நிற்கிறார், எத்தனை அடிக்குள் நிற்கிறார் என்று எழுந்து போகாமல் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியவில்லையென்றால் வெட்கப்பட வேண்டாம். ஜகதீசன் சார் டேப்பை நாளைக்குத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் என் வீட்டு வேலை முடியட்டும். அதற்குப் பிறகு நீங்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.